இரும்புப் பெட்டிக்குள் ஒரு பல்பு

தம்பியின் காதில் பஞ்சை வைத்து அக்கா அழுத்தி அழுத்தி அடைத்தாள்.

"போதும்க்கா. மூளைக்குள்ள போயிடப் போகுது."

"அப்படி ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டைக் கிள்ளினாள். மருந்துக் கடை வைத்திருப்பவளுக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? இரண்டு காதும் அடைந்த பிறகு, "நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டாள். அவன் பெட்டியின் கதவுக் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இரும்புத் தகட்டில் செய்த பெட்டி அது. துப்பாக்கியால் சுடும் குறிப்பலகைக்குப் பக்கத்திலேயே மைதானத்தின் கடைசியில் நின்றது. குண்டு பலகையில் பட்டதும் பெட்டிக்குள் இருப்பவன் வெளியே வந்து, நீளக் கழியின் நுனியில் இருக்கும் வெள்ளைத் தட்டை, குண்டு பட்ட இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் காட்டினார்கள். இப்போது எல்லாவற்றையும் மெஷின் காட்டிவிடுகிறது. இருக்கிற மெஷினை விட்டுவிட்டு ஆளை உட்காரவைக்கச் சொன்னது யார் என்றால், சாட்சாத் இவளேதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அந்தக் கதை.

தேசியத் தன்னார்வத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு அவள் சம்பளமில்லாத செயலாளர். நூற்றாண்டு மலருக்காகச் சங்கத்தின் வரலாற்றை எழுதியவளும் அவள்தான். கடலோரத்தில் அயல்நாட்டுப் படை இறங்கப்போகிறது என்று ஒரு புரளி கிளம்பிய காலம் அது. தையற்காரர்களும் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சொந்தச் செலவில் சீருடை தைத்து, விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு அணிவகுப்புப் பழகினார்கள். துப்பாக்கி பின்னால்தான் வந்தது. படை வரவே இல்லை. சங்கம் மட்டும் ஊர் ஊராகக் கிளை விட்டு நாடு முழுக்கப் பரவியது. 'வராத படைக்குப் பயந்து பிறந்தது நம் சங்கம்' என்று எழுதிவிட்டு, அந்த வரியைத் தானே பலமுறை படித்து மகிழ்ந்தாள். குக்கர் விசில் அடித்தாலே திடுக்கிடுகிற ஜென்மம் அவள். பயந்தவர்கள் மேல் அவளுக்குத் தனிப் பாசம்.

சங்கத்தின் தொடக்க நாளில் முதல் குண்டு தப்பிப்போனால் மானம் போய்விடுமே என்று, துப்பாக்கியை ஒரு தாங்கியில் வைத்து, நடுப்புள்ளிக்கு நேராகத் திருகி, தாங்கியைக் கல்லோடு முடுக்கிவிட்டார்கள். தலைவர் பட்டுக் கயிற்றை இழுத்தால் போதும். "நூற்றாண்டு விழாவுல அதையே திரும்பச் செஞ்சா என்ன?" என்று கூட்டத்தில் உற்சாகமாகக் கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டிக்குள் யார் உட்காருவது என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி, ஏணியில் இருந்தபடியே, "நான் உக்காரறேன்," என்றான். அவனுக்கு ஊரில் பெயரே அவசரக்குடுக்கை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தகடு துளைபட்டால்? கதவு மாட்டிக்கொண்டால்? காதடைத்தவனுக்குச் சுட்டாயிற்று என்று எப்படித் தெரியும்? கடைசிக் கேள்விக்கு எலக்ட்ரீஷியன் தம்பி உடனே வழி சொன்னான். "கயித்தோட ஒரு சுவிட்சு கட்டிடறேன். தலைவர் இழுத்ததும் பெட்டிக்குள்ள பல்பு எரியும். எரிஞ்சா வருவேன், எரியலைன்னா வரமாட்டேன். போதுமா?" போதும் என்றாள். அந்த ஓர் இரவு நன்றாகத் தூங்கினாள்.

இப்போது அவள் மைதானத்தின் மறுகோடிக்கு, துப்பாக்கி தாங்கியில் இருந்த இடத்துக்கு, திரும்பி நடந்து வந்தாள். நாற்காலிகளில் விருந்தினர்கள். தலைவர், முதல் தலைவரின் பேரன், தள்ளாத வயதிலும் சீருடை போட்டு நின்றார். ஆயுதக் கிடங்குக்காரர் துப்பாக்கிக்குள் ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டிருந்தார். அது தொடக்க நாளில் மிச்சமான தோட்டா. கண்ணாடிப் பேழையிலேயே கிடந்தது.

"பழைய மருந்துங்க," என்றார் கிடங்குக்காரர். "சத்தம் வரலைன்னா யாரும் கிட்ட வராதீங்க. சில தோட்டா யோசிச்சுத்தான் வெடிக்கும்."

"எங்க தாத்தா பெட்டித் தோட்டாய்யா. மானத்தைக் காப்பாத்தும்," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுடைய பயமெல்லாம் தகட்டைப் பற்றியும் கதவைப் பற்றியும்தான் இருந்தது.

தலைவர் கயிற்றை இழுத்தார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

கிடங்குக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "யாரும் தொடாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். துப்பாக்கி வாய் அந்தப் பக்கம் பாத்துதான் இருக்கு, பயமில்ல."

அந்தப் பக்கம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றோடு கட்டிய சுவிட்சு கண்ணில் பட்டது. அங்கே பல்பு எரிந்திருக்கும். கயிறு இழுபட்டதைத்தான் பல்பு சொல்லும். குண்டு போனதையா சொல்லும்? இது அவனுக்கும் தோன்றவில்லை, பாவி, இவளுக்கும் தோன்றவில்லை.

தூரத்தில் இரும்புக் கதவு திறந்தது.

"உள்ள போடா!" என்று கத்தினாள். மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. தன் கையால் அழுத்தி அழுத்தி வைத்த பஞ்சு. அவன் கழியைத் தோளில் சாத்திக்கொண்டு, விறைப்பாக, பலகையை நோக்கி நடந்தான்.

"வாயைத் திருப்புங்கண்ணே!"

"கல்லோட முடுக்கியிருக்கும்மா." கிடங்குக்காரர் ஸ்பேனரோடு மண்டியிட்டுவிட்டார். அவசரத்தில் ஸ்பேனர் திருகில் உட்காரவில்லை. "அசைச்சா வெடிச்சாலும் வெடிச்சிடும்..."

அதற்குள் அவள் ஓடிவிட்டாள். ஓரமாக ஓடியிருக்கலாம், வேலியை ஒட்டிப் பாதை இருந்தது. அவள் நட்டநடுவில் ஓடினாள். கல்லிலிருந்து நடுப்புள்ளிக்குப் போகும் கோடு எது என்று அவளுக்குத் தெரியும். நேற்று அந்தக் கோட்டில் கயிறு பிடித்துப் பார்த்தவளே அவள்தான். துப்பாக்கிக்கும் தம்பிக்கும் நடுவில் தன் முதுகு இருக்கும்படி, இம்மியும் விலகாமல் ஓடினாள். முதுகு முழுக்கச் சில்லிட்டுப் போயிருந்தது. பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வெடிக்கிற சத்தத்துக்காக மட்டுமே காது காத்துக் கிடந்தது.

அவன் பலகைக்கு முன்னால் நின்றான். ஓட்டை எங்கே என்று தேடவில்லை, அவசரக்குடுக்கை. நடுப்புள்ளி என்று முன்பே பேசி வைத்ததுதானே. கழியைத் தூக்கி, வெள்ளைத் தட்டைக் கச்சிதமாக நடுவில் வைத்தான்.

திரும்பியபோது அக்கா ஓடி வருவதைப் பார்த்தான். சந்தோஷத்தில் ஓடி வருகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. வாயெல்லாம் பல்லாக, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, தட்டின் முன்னிருந்து ஒரு பக்கம் விலகி நின்றான். அவளும் அவனோடு சேர்ந்து அந்தப் பக்கம் ஓர் அடி விலகி ஓடினாள். கோட்டில் இப்போது அந்த வெள்ளைத் தட்டு மட்டும்தான் இருந்தது.