மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனவர்

போக்குவாவுக்கு ஜெர்மனியில் கல்யாணம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, இங்கிருந்து யார் போவது என்பதுதான். போக்குவா என் சித்தி மகள். ஹாம்பர்க்கில் நர்ஸாக இருந்தாள். சித்தி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பிள்ளைகள் அம்மா வழியைச் சேர்ந்தவர்கள். அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண்ணைக் கொடுக்கிற பேச்சைப் பேச வேண்டியது தாய்மாமன்.

எங்களுக்கு இரண்டு மாமாக்கள். பெரிய மாமா போவாஹென் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் குமாசியில் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணமோ சாவோ எதுவானாலும் குடும்பத்தின் சார்பில் எழுந்து பேசுவது அவர்தான். அவர் பேசி முடிப்பதற்குள் சூப் ஆறிவிடும். சின்ன மாமா யாவ் சார்ஃபோவுக்கு, குமாசிக்குப் பக்கத்தில் எஜிசுவில் கோழிப்பண்ணை. கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. தனியாக அகப்பட்டால் மட்டும் ஏதாவது கேட்பார். பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து இன்னொன்று கேட்பார்.

பெரிய மாமா போவது, துணைக்கு நான் போவது என்று பேசி வைத்திருந்தோம். போக்குவா போனில் கேட்டாள்.

"செர்வாக்கா, சின்ன மாமா பேரையும் போடு."

"அவர் எதுக்குடீ? அக்ராவுக்கு பஸ்ல போனாலே அவருக்கு வாந்தி வரும்."

"வரட்டும். நீ போடு."

போட்டேன்.

விசாவுக்குத் தலைநகர் அக்ராவில் ஜெர்மன் தூதரகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். விடியும் முன்பே குமாசியில் பஸ் ஏறினோம். பெரிய மாமா கோட்டு போட்டுக்கொண்டு, குடும்பப் படங்கள் நிறைந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் வழி நெடுக முணுமுணுத்தபடி இருந்தார். நான் வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். சின்ன மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாதி வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "செர்வா, திரும்பி வரமாட்டேன்னு சொல்றவனுக்கு விசா குடுப்பாங்களா, திரும்பி வரேன்னு சொல்றவனுக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். சும்மா இருங்க என்றேன்.

ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போனோம். பெரிய மாமா வெகுநேரம் நின்றார். அவர் கை வீசிப் பேசுவது பின்னாலிருந்து தெரிந்தது. என்னிடம் நாலைந்து கேள்விதான் கேட்டார்கள். பிசிறில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன். கடைசியாகப் போன சின்ன மாமாவுக்கு எங்கள் ட்வீ மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். மாமாவும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பசிக்கிறது என்றார். தெருமுனையில் மூன்று பேரும் வாக்யே என்ற பயறு சோறு வாங்கிச் சாப்பிட்டோம். பெரிய மாமா ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"அந்தம்மா நான் பேசுறதக் கேட்டு அப்படியே எழுதிக்கிட்டே இருந்துச்சு. பாத்தேல்ல?" என்றார்.

சில வாரங்களில் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. பெரிய மாமாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. ஊர் திரும்புவோம் என்று நம்பிக்கை வரவில்லையாம். சின்ன மாமாவின் பாஸ்போர்ட்டில் மட்டும் விசா ஒட்டியிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேர் சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கே எஜிசுவுக்குப் போனேன். மாமா கோழிக்குத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்கா? அண்ணனுக்கு?"

"இல்ல. நீங்க அங்க என்னதான் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? கேட்டதுக்குச் சொன்னேன்."

விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். பெண் உங்களுக்கு என்ன உறவு என்று அந்த அதிகாரியம்மா கேட்டிருக்கிறார். தங்கச்சி மகள் என்றிருக்கிறார் மாமா. எதற்குப் போகிறீர்கள் என்றால், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க.

"கல்யாணம்தான் முடிவாயிடுச்சே, இன்னும் என்ன பாக்கணும்னு கேட்டுச்சு. அவளுக்கு அம்மா இல்ல. எப்படிப்பட்ட வீடு, அக்கம்பக்கம் என்ன சொல்றாங்க, சண்டக்காரங்களா, கடன்காரங்களான்னு யாராவது போய் விசாரிக்கணுமில்லன்னேன். பிடிக்கலன்னா என்ன செய்வீங்கன்னுச்சு. அவகிட்ட சொல்லிட்டு வந்துருவேன், அவ கேக்கமாட்டான்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சுது. அப்புறம் நான் ஒண்ணு கேட்டேன்."

"நீங்க கேட்டீங்களா?"

"உங்க ஊர்ல பொண்ணு குடுக்கிற வீட்ட யார் போய் விசாரிப்பாங்கன்னு கேட்டேன். யாரும் போகமாட்டாங்களாம். யாருமே, செர்வா." வாளியை மறுபடி எடுத்தார். "எனக்கு அது மனசிலேயே நிக்குது. எப்படி யாருமே போகாம இருப்பாங்க?"

இதற்காகத்தான் விசா கொடுத்தார்களா, கோழிப்பண்ணைக்காகவா, வேறு எதற்காவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் ஆளில்லை.

பெரிய மாமா யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனார். குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெண்ணைக் கொடுக்கிற சபையில் ஊமை மாதிரி நிற்கப்போகிறாரே என்று ஒரு அத்தை அழுதே விட்டாள். சின்ன மாமா பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தான் வரவில்லை என்று போக்குவாவிடம் சொல்லிவிடும்படி என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் பெரிய மாமா எஜிசுவுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். சின்ன மாமா ஊருக்குப் போனால் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. பெரிய மாமா கையில் ஒரு துணி மூட்டை. பிரித்தார். கல்யாணத்தில் தான் உடுத்திக்கொள்ள நெசவாளர் ஊரான போன்வயரில் நெய்யச் சொல்லி வாங்கிய கென்டே என்ற பல வண்ணப் பட்டுத் துணி.

"எழுந்திரிடா யாவ். போட்டுக் காட்டு."

"அண்ணே, எனக்குப் பேச வராது."

"உன்னை எவன் பேசச் சொன்னான்? பேச்செல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரன் பேசுவான். பொண்ணு வீட்டுக்காரன் வேலை கேள்வி கேக்கிறது. எதுக்கு வந்தீங்கன்னு கேக்கணும். பொண்ணுகிட்ட மூணு தரம் கேக்கணும். அவ்வளவுதான். நான்தான் இத்தனை வருஷமா நடுவுல கதை அளந்துக்கிட்டு இருந்தேன்."

துணியைத் தானே தம்பியின் தோளில் சுற்றிவிட்டு, இடது தோளில் மடிப்பு நிற்கும்வரை சரி செய்தார். சின்ன மாமா அசையாமல் நின்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி வீட்ட விசாரிச்சிரு," என்றார் பெரிய மாமா. "பொண்ணு சொல்றத வச்சு முடிவு பண்ணாத. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேளு."

இதைச் சின்ன மாமா அப்படியே செய்வார் என்று நான் நினைக்கவில்லை. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போக்குவா போன் பண்ணினாள். குரலில் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"அக்கா, இந்த மனுஷன் என் மானத்த வாங்குறாரு. ஹென்னிங் அம்மா இருக்கிற தெருவுல ஒவ்வொரு வீடா பெல் அடிக்கணுமாம். நான் கூட நின்னு மொழிபெயர்க்கணுமாம்."

"அடிச்சீங்களா?"

"அடிச்சோம். வேற என்ன செய்ய?"

மாப்பிள்ளை ஹென்னிங் மரவேலை செய்கிறவன். அவன் அம்மா வீப்கே அந்தத் தெருவிலேயே முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறாள். முதல் வீட்டில் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து, நல்ல குடும்பம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வீப்கேயின் வேலிக்கு அடுத்த வீட்டுக் கிழவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். ஆனால் வீப்கே என்ற பேரை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா அன்று சாயங்காலம் பெரிய மாமாவுக்குப் போன் பண்ணினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம்.

"அண்ணே, இங்க ஒரு சண்டை இருக்கு."

பெரிய மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்ததைப் பார்த்தேன். "என்ன சண்டை? நிலமா?"

"தெரியல. நாளைக்கு மறுபடி போறேன்."

"போ. ஏதாவது கையில கொண்டு போ. வெறுங்கையோட போகாத."

மறுநாள் வேலை முடிந்து எல்லோரும் பெரிய மாமா வீட்டில் கூடிவிட்டோம். ஜெர்மனியில் எவரோ இருவருக்குள் என்ன தகராறு என்று அறிய அத்தைகள் கெலெவேலே என்ற காரமான வாழைப்பழ வறுவல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விஷயம் ஒரு மரம். வேலி ஓரத்தில் நின்ற பெரிய வால்நட் மரம். யாரோ வெட்டிவிட்டார்கள். வீப்கே கிழவரைச் சொல்கிறாள், கிழவர் வீப்கேயைச் சொல்கிறார். பத்து வருஷமாகப் பேச்சில்லை.

"சரி, பையன் எப்படி? அதக் கேட்டியா?"

"கேட்டேன். கிழவர் முதல்ல காபி ஊத்தினாரு. அப்புறம் சொன்னாரு. பனி விழுந்தா இவர் வாசல்ல கிடக்கிற பனியையும் எவனோ விடியறதுக்குள்ள அள்ளிப் போட்டுட்டுப் போறானாம். ஹென்னிங்தான்னு இவருக்குத் தெரியுமாம். அம்மாக்காரி கண்ணுல படக்கூடாதுன்னு இருட்டுல வர்றானாம்."

பெரிய மாமா போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"உன் தீர்ப்பு என்ன?"

"பையன் நல்லவன்ணே. அம்மா பிடிவாதக்காரி. நம்ம பொண்ணு அதுக்கு மேல. சமாளிச்சுக்குவா."

கல்யாணம் ஒரு சனிக்கிழமை மதியம். அங்கே கல்யாண ஹாலில் ஒரு பையன் போனைப் பிடித்துக்கொள்ள, குமாசியில் டெலிவிஷனோடு இணைத்துப் பார்த்தோம். மாப்பிள்ளை பக்கம் பேச, ஹாம்பர்க்கில் டாக்ஸி ஓட்டுகிற நம்மூர்க்காரர் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். நன்றாகவே பேசினார். உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைக் கண்டோம், பறித்துப் போக வந்தோம் என்றார்.

சின்ன மாமா கென்டேயில் உட்கார்ந்திருந்தார். "எந்தப் பூ?" என்றார்.

ஹாலில் சிரித்தார்கள். "அழகான பூ," என்றார் டாக்ஸிக்காரர்.

"அழகான பூவெல்லாம் நிறைய இருக்கு. இந்தப் பூ காலையில எழுந்ததும் கோபப்படும். தெரியுமா?"

ஹென்னிங்கே தலையை ஆட்டினான். தெரியும் என்றான். பெரிய மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் தாங்கள் கொண்டு வந்த மது பாட்டில்களை மேஜையில் வைத்தார்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. சின்ன மாமா போக்குவாவை முன்னால் கூப்பிட்டார்.

"போக்குவா, இத நான் வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்கங்க."

"வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்கங்க மாமா."

மூன்றாம் தடவை கேட்பதற்கு முன் நிறுத்தினார். நாங்கள் மறந்துவிட்டார் என்று நினைத்தோம். அவர் மெதுவாகச் சொன்னார், "உங்க அம்மா இருந்தா இத எங்கிட்ட விட்டிருக்க மாட்டா. அதனால கடைசி தரம் நிதானமா கேக்கிறேன். நீயும் நிதானமா சொல்லு. வாங்கிக்கட்டுமா?"

போக்குவா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கிக்கங்க," என்றாள்.

அப்போது வீப்கே ஏதோ கேட்டாள். போனுக்குள் இருக்கிற பெரியவர் யார் என்று கேட்கிறாள் என்றார்கள். போனை மேஜைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். பெரிய மாமாவின் முகம் அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரிந்தது. சட்டைப் பையில் அவர் எழுதி வைத்திருந்த பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். கையை அங்கே கொண்டுபோனார். எடுக்கவில்லை.

"நான் பொண்ணோட பெரிய மாமன்," என்றார். "என் தம்பி கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டான்." எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

சின்ன மாமா சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தார். கோழிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

அடுத்த டிசம்பரில் போக்குவா, ஹென்னிங், வீப்கே மூன்று பேரும் குமாசிக்கு வந்தார்கள். பெரிய மாமா வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சின்ன மாமா தன் நாற்காலியை வீப்கேயின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விசாவுக்கு உங்கள என்ன கேட்டாங்க?" என்றார். போக்குவா மொழிபெயர்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினேன், விசா ஒட்டி அனுப்பிவிட்டார்கள் என்றாள் வீப்கே.

"யாருமே ஒண்ணுமே கேக்கலையா? எதுக்குப் போறீங்கன்னு கூடவா?"

இல்லை என்று தலையாட்டினாள். சின்ன மாமா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மாமா முகம் ஒரு நிமிஷம் இறுகிற்று. பிறகு என்னைப் பார்த்து, தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். வந்தவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பது எங்கள் வழக்கம். எழுந்து நின்றார். துணியின் மடிப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அவங்க கேக்கலன்னா நாங்க கேப்போம். இங்க நாங்க சுகமா இருக்கோம். நீங்க என்ன சேதியா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

வீப்கே போக்குவா சொல்லி முடிக்கும்வரை கவனமாகக் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மருமகளின் வீட்டைப் பார்க்க வந்தேன் என்றாள்.

"பாருங்க," என்றார் பெரிய மாமா. அப்புறம் எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதில் ஆரம்பித்து, பொழுது சாயும்வரை பேசினார். போக்குவா ஒவ்வொரு வரியையும் சலிக்காமல் மொழிபெயர்த்தாள். சூப் ஆறிப்போயிற்று. சூடு பண்ணிக் கொண்டு வந்து வைத்தேன்.