ஈரம் ஏறிய பொடி

தப்பு செய்துவிட்டு அதை அடுத்தவர் தலையில் கட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று அக்கா சொல்லாத இடமில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தம்பியின் மனைவியை அங்கே வேலைக்கு அழைத்து வந்தபோதும் இயக்குநரிடம் அதையேதான் சொன்னாள். "எங்க வீட்டுப் பொண்ணு சார். தப்பு நடந்தா அவளே முன்னாடி வந்து நிப்பா."

இப்போது அந்தப் பெண் இயக்குநர் அறையில் நின்றுகொண்டிருந்தாள், தான் செய்யாத தப்புக்காக. செய்தவளோ வெளியே நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் செய்வது திட பேட்டரி. உள்ளே தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதிலாக, கந்தகம் கலந்த ஒரு பொடியை அழுத்தி மாத்திரையாக்கி வைப்பார்கள். மின்சாரம் அதன் வழியாக ஓட வேண்டும். அந்தப் பொடிக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரமே போதும், அழுகிய முட்டை நாற்றத்தோடு கெட்டுப்போகும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வேலை. பெட்டியோடு பொருத்திய நீளமான ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுச் செய்ய வேண்டும். எந்தப் பொருளும் பக்கத்திலிருக்கும் சின்ன முன்னறை வழியாகத்தான் உள்ளே போகும். அங்கே மூன்று முறை காற்றை உறிஞ்ச வேண்டும். காகிதம், அட்டை என்றால் அதற்கு முன்பே அடுப்பில் வைத்து நன்றாக உலர்த்தியாக வேண்டும்.

இந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவளே அக்காதான்.

போன வாரம் வெளியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். பெட்டிக்குள் துடைக்கும் காகிதம் கிழிந்து அலங்கோலமாகக் கிடந்தது. வருகிறவர்கள் நம் வீட்டுப் பெண் வேலை செய்யும் இடம் இதுதானா என்று நினைத்துவிட்டால்? அக்கா அலமாரியிலிருந்து துடைக்கும் காகிதம் அடைத்த புது அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாள். உலர்த்தவில்லை. ஒரே முறை காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே தள்ளினாள். ஈரமானி கூவியது. பொத்தானை அமுக்கி வாயை அடைத்தாள். விருந்தினர் வரும் முன் அளவு இறங்கிவிட்டது. நிம்மதியாகத் திரும்பியபோதுதான் மூலையில் தம்பி மனைவியின் புட்டி கண்ணில் பட்டது. அரைத்த பொடி ஆறட்டும் என்று திறந்து வைத்துவிட்டு, வந்தவர்களை வரவேற்க அவள் வாசலுக்குப் போயிருந்தாள்.

அக்கா அந்தப் புட்டியை மூடினாள். மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டாள்.

அந்தப் பொடிதான் சோதனைக்காக ஒரு நிறுவனத்துக்குப் போனது. சரக்கு உதவாது என்று நேற்று பதில் வந்துவிட்டது. இந்த ஆராய்ச்சியை நிறுத்தினால் தம்பி மனைவியின் வேலையும் அதோடு போகும்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். அழவில்லை, அழுது முடித்த முகம்.

"என்ன சொன்னார்?"

"வேலைல சுத்தம் பத்தாதாம். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்றேன்னார்." பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, ஒண்ணு கேட்கவா? புட்டியை நான் திறந்துதானே வெச்சேன்? வந்து பார்த்தா மூடியிருந்துச்சு. அப்போ வேற என்னவெல்லாம் மறந்தேனோ. எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு."

அக்கா அவளைப் பார்க்காமல் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"உங்க தம்பியும் அதான் கேட்டார். ஒரே வீட்டுல இருந்துகிட்டு அக்காவைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதான்னு."

பம்புகளைப் பழுது பார்ப்பவர் கருவிப்பையோடு அந்தப் பக்கம் வந்தார். "விடும்மா, எல்லாரும் உங்க அக்கா ஆயிட முடியுமா? அவங்க கை பட்டா தூசியே மன்னிப்புக் கேட்டுட்டு எழுந்து போகும்."

அவர் சிரித்தார். அக்காவுக்கு உடம்பு கூசியது. எழுந்தாள். கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"சார், அந்தப் பொடியைக் கெடுத்தது நான்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கனிவாகப் பார்த்தார். அந்தக் கனிவுதான் அவளைக் கொன்றது.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. ஆனா இது குடும்பப் பஞ்சாயத்து இல்ல. தம்பி பொண்டாட்டிக்காக நீங்க பழியை ஏத்துக்கிட்டா நான் நம்பிடணுமா?"

"பொய் சொல்ல மாட்டேன் சார்."

"தெரியும். உலர்த்தாத அட்டையை உள்ளே விடவும் மாட்டீங்க. அதுவும் தெரியும். இத்தனை வருஷத்துல ஒரு தப்பு பண்ணியிருக்கீங்களா?"

கட்டிக் காத்த பெயர் இப்போது அவளுக்கே எதிராகச் சாட்சி சொன்னது. வெளியே போய்விடலாம். சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர் பாடு என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கதவு வரை போன கால் நின்றது.

"அப்போ வாங்க சார். பண்ணிக் காட்டறேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூடினார்கள். அக்கா தன் சொந்தப் பொடியை எடுத்தாள். ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. பாதியை அழுத்தி மாத்திரையாக்கி, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தாள். நல்ல அளவு. மீதிப் பாதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க புட்டியை மூடிடுங்க," என்றாள். அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் போதும்.

அலமாரியிலிருந்து புது அட்டைப்பெட்டி. ஒரே முறை உறிஞ்சல். உள்ளே தள்ளினாள். ஈரமானி கூவியதும் அவள் விரல் பார்க்காமலே பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கியது. பம்புக்காரரின் சிரிப்பு நின்றது.

"பழகின கை மாதிரி போகுதே," என்று முணுமுணுத்தார்.

அன்று காத்திருந்த அளவுக்குக் காத்திருந்து, பொடியை அழுத்தி அளந்தாள். நிறுவனம் சொன்ன அதே கேவலமான அளவு. கெட்ட மாத்திரையை வெளியே எடுக்க முன்னறையைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. நாலு பேர் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா பொத்தவில்லை.

"அவ அரைச்சது நல்ல பொடி சார். நான் கெடுத்தேன்."

இயக்குநர் அந்த அளவைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு தம்பி மனைவியிடம், "புதுசா அரைச்சு அனுப்பும்மா. நிறுவனத்துக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கொஞ்ச நாள் இந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சரி சார்." அவள் முதுகு அப்போதும் வளையவில்லை. உள்ளுக்குள் தூளாகியிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. தம்பி மனைவி கைகழுவும் தொட்டியருகே நின்றாள்.

"வேலை தப்பிச்சுதுன்னு உங்களுக்கு நன்றி சொல்லணுமா அண்ணி?"

"வேண்டாம்."

"பொடி போனா இன்னொண்ணு அரைப்பேன். ஆனா நீங்க அந்தப் புட்டியை மூடினீங்களே, எனக்கு என் புத்திமேலயே நம்பிக்கை போச்சு. வீட்டுல அவர் பார்த்த பார்வை இருக்கே..."

"சாயங்காலம் வந்து நானே அவன்கிட்ட சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. என் காது கேட்க."

அக்கா கைபேசியை எடுத்தாள். மறுமுனையில் தம்பி உற்சாகமாகப் பேசினான். "அக்கா, அவளுக்காக சார்கிட்ட கெஞ்சப் போயிடாதே. அவ பண்ணதுக்கு அவதான் பதில் சொல்லணும். நீ தலைகுனியக் கூடாது."

"குறுக்கே பேசாமக் கேளுடா," என்றாள் அக்கா. "அவ ஒண்ணும் பண்ணல."

பாதி சொல்வதற்குள் குரல் உடைந்தது. தம்பி மனைவி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் மீதிப் பாதியையும் சொல்லி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.