வின்னி அக்கா அநாதையாகச் சாகவில்லை

வின்னி அக்கா தனிமையில், எல்லோராலும் மறக்கப்பட்டு, மலாயாவின் ஏதோ ஒரு மூலையில் இறந்துபோனாள் என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியதாம். நாங்கள் இருக்கிற ஜெலாப்பாங் மூலையா? காலையில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்றால் ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிற இடம் இது. கடைசித் தண்ணீரை அவள் வாயில் விட்டவள் நான். கண்ணை மூடிவிட்டவள் பக்கத்து வீட்டு மங்களம். பெட்டியைத் தூக்கியவர்களில் என் புருஷன் லியோனார்ட் ஒருவர், மங்களத்தின் புருஷன் இராமசாமி ஒருவர். இது தனிமை என்றால், நிறைந்த வீடு எப்படி இருக்கும் என்று அந்தப் பத்திரிகைக்காரன் எனக்கு வந்து காட்டட்டும்.

வின்னி அக்கா என்றால் வினிஃப்ரெட் ஆஷ்கம். யுத்தத்துக்கு முன்னால் லண்டன் மேடையில் ராணி வேஷம் என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்களாம். கறுப்பு வெள்ளைப் படங்களிலும் நடித்திருக்கிறாள். ஒன்றில் விஷம் குடித்துச் சாவாள், இன்னொன்றில் கப்பலோடு மூழ்குவாள். தனக்குச் சம்பளம் கொடுத்ததே சாவதற்குத்தான் என்பாள். இங்கே காட்டில் கம்யூனிஸ்ட்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், பட்டாளத்துக்கு நாடகம் போட வந்தவள், பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். அங்கே திரும்பிப் போயிருந்தால் இனி அம்மா வேஷம்தான், இங்கே துரைசானி வேஷம் கிடைத்தது என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த நாளில் நாங்கள் அவளைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. பங்களா மேட்டில் இருந்தது, கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது.

துரை மாரடைப்பில் போனார். குடித்தது போக, குதிரைப் பந்தயத்தில் விட்டது போக, பெண்டாட்டிக்கு அவர் ஒன்றும் வைக்கவில்லை. எழுபத்திரண்டில் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். வாங்கியவன் லயத்தையும் பங்களாவையும் ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொன்னான். லியோனார்ட் தன் முதலாளியின் லாரியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். சட்டி பானை, கோழிக்கூடு எல்லாம் ஏற்றி முடிக்கிற நேரத்தில், துரைசானி ஒரு பெட்டியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"இந்த லாரி எங்க போகுது?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"ஈப்போ பக்கம், ஜெலாப்பாங்" என்றேன்.

"அப்ப நானும் வாரேன்" என்றாள்.

நாலு நாள் தங்குவாள் என்று நினைத்தோம். பதினோரு வருஷம் இருந்தாள். முதல் மாதம் நான் அவளை மேடம் என்றேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. அக்கா என்றேன், ஒட்டிக்கொண்டது. நான் காலை ஷிப்டுக்குப் போனால் துணி காயப் போடுவாள், மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பாள். சம்பலில் பிலாச்சான், அதுதான் இறால் விழுது, கூடிப்போச்சு என்று என்னோடு சண்டை போடுவாள். டிவியில் தமிழ்ப் படம் வந்தால், அழுகிற கதாநாயகியைப் பார்த்து, "அழுதது போதும், வசனத்தச் சொல்லு" என்று அதட்டுவாள். கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதாவுக்கு இடமில்லை என்று விரட்டுகிற சத்திரக்காரி வேஷம் கேட்டு வாங்கினாள். அவள் போட்ட சத்தத்தில் மாதா வேஷம் போட்ட பிள்ளை நிஜமாகவே அழுதுவிட்டது. ஃபாதர் மறுவருஷம் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். அதற்காக அவரோடு ஈஸ்டர் வரைக்கும் அவள் பேசவில்லை.

எண்பத்து மூன்றில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய வாழ்க்கையைப் படமாக எடுக்க லண்டனிலிருந்து டெரன்ஸ் என்று ஒருவன் இரண்டு ஆட்களோடு வந்தான். கூடவே மொழிபெயர்ப்புக்கு ஈப்போவிலிருந்து கார்த்திகேசு. எனக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! அக்காவைப் பற்றி அந்த ஊருக்கு நாம் சொல்லலாம், கடைசி வரைக்கும் அவள் மனுஷர்களோடுதான் இருந்தாள் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மேலே எழுதியதெல்லாம் அவனிடம் சொன்னேன், கான்வென்டில் படித்த இங்கிலீஷில். தலையைத் தலையை ஆட்டினான். கேமராவை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வரச் சொன்னேன். வந்தான். கோயிலிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து, முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பாகான் செராயிலிருந்து லியோனார்டின் அண்ணன் குடும்பம், பழைய லயத்து ஆட்கள், தெருக்காரர்கள். சோறு போட்டு, கறி ஊற்றி, பாதி சாப்பாடு ஆகியிருக்கும். டெரன்ஸ் கார்த்திகேசுவின் காதில் ஏதோ சொன்னான். கார்த்திகேசு தொண்டையைக் கனைத்தான்.

"வீடு காலியா இருக்கிற மாதிரி படம் வேணுமாம். எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் நிக்க முடியுமா? வெளிச்சம் போயிருமாம்."

இலையில் உட்கார்ந்தவர்களை எழுந்திருக்கச் சொல்கிறான். அதுவும் துக்கத்துக்குப் போடுகிற சோற்றிலிருந்து. ஆனால் அதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. எல்லோரும் எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. வெள்ளைக்காரன் நில் என்றால் நிற்கிற, போ என்றால் போகிற அந்தத் தோட்டத்துப் பழக்கம், தோட்டமே இல்லாமல் போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இவர்கள் முட்டியில் உட்கார்ந்திருக்கிறது. போலீஸ்காரனிடமே குரலை உயர்த்துகிற என் புருஷன், எச்சில் கையோடு முதல் ஆளாய் எழுந்தார்.

"அஞ்சு நிமிஷந்தானே எல்ஸி. விடு லா" என்றார்.

எல்லோரும் எதிரே மரத்தடியில் போய்க் கைகட்டி நின்றார்கள். டெரன்ஸின் ஆட்கள் இலைகளை ஓரமாய்த் தள்ளி, அக்காவின் நாற்காலியைத் தனியாக ஜன்னல் பக்கம் போட்டார்கள்.

"நீங்க மட்டும் இருங்க அக்கா" என்றான் கார்த்திகேசு. "ஒரு தட்டுல டீ வச்சு, அவங்க ரூம் வரைக்கும் நடந்து போங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"அவங்க வீட்டு அமாவா இருந்தீங்கல்ல, அதக் காட்டணுமாம்."

அமா என்றால் இங்கே வீட்டு வேலைக்காரி. என் வீட்டில், என் சம்பளத்தில் கட்டின வீட்டில், நான் வேலைக்காரி.

"நான் அமா இல்ல. இது என் வீடு, அவங்க எனக்கு அக்கா. அப்படியே அவன்கிட்ட சொல்லு."

சொன்னான். டெரன்ஸ் உருகிப்போய் நெஞ்சில் கை வைத்தான். உங்கள் மக்களின் விசுவாசம் மனதைத் தொடுகிறது என்றான். எனக்கு அந்தத் தட்டை எடுத்து அவன் தலையில் போடலாம் போல இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனான்.

நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"எல்லாரும் உள்ள வாங்க. சோறு காயுது."

ஒருவரும் அசையவில்லை. லியோனார்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு வந்ததே கோபம். கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து, தெருவே கேட்கிற மாதிரி அந்த டெரன்ஸைப் பார்த்துக் கத்தினேன். அவன் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். வெட்கப்பட்டுத் தலையைக் குனிகிறான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுவருஷம் கார்த்திகேசு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தான். தெருவே எங்கள் வீட்டில் கூடியது. லண்டன் மேடை வந்தது, அக்கா கப்பலோடு மூழ்குவது வந்தது, பங்களா வந்தது. பிறகு எங்கள் தெரு வந்தது, ஒரு ஈ காக்கை இல்லாமல். ஜன்னல். காலி நாற்காலி. பிறகு வாசலில் நான். தலைவிரி கோலமாய், கையை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். என் சத்தம் இல்லை. வயலின் வாசிக்கிறார்கள்.

"என்னமோ சொல்றானே, என்ன சொல்றான்?" என்று லியோனார்ட் கேட்டார்.

"அவளுக்கு இருந்த ஒரே துணை ஒரு கிழட்டு வேலைக்காரியாம். எஜமானிய நெனச்சு இன்னும் அழுதுக்கிட்டு இருக்காளாம்" என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

மங்களம் மெதுவாகச் சொன்னாள்: "அழுற மாதிரியேதான் இருக்கு எல்ஸி."

அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு தரம் போடச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழவில்லை. இது என் வீடு, செத்தது என் அக்கா, என் ஜனங்கள் சாப்பிட வேண்டும், நீ வெளியே போ என்று சொன்னேன். அவனுக்குப் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில்தான் சொன்னேன். அவனுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் சத்தத்தை வெட்டினான்.