தலைகீழாகக் கிடைத்த வீடு

லிஸ்பன் நகரத்தின் அல்ஃபாமாப் பகுதியில் ஃபெலிஸ்மினா என்பவள் பதின்மூன்று வருடங்களாகத் தன் வீட்டின் உட்கூரையில் குடியிருக்கிறாள். கால் மேலே, தலை கீழே. அதே வீட்டின் தரையில் சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். மழைக்காலத்தில் கூட்டம் கொஞ்சம் குறைவு.

அந்த இரண்டாம் மாடி வீட்டில்தான் அவள் பிறந்தாள், கல்யாணம் கட்டினாள், விதவையானாள். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து குவிகிற கூட்டத்தைப் பார்த்ததும் வீட்டுச் சொந்தக்காரர் எவரிஸ்டோவுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஒரே மாத அவகாசத்தில் அவளை வெளியேற்றினார். அதோடு விட்டாரா? அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க அவளையே வேலைக்கும் வைத்துக்கொண்டார். பகலில் தன் படுக்கையறையில் அந்நியர்களுக்கு விரிப்பு மாற்றுவாள். பிறகு படகுத்துறை பெஞ்சில் போய்ச் சுருண்டுகொள்வாள். ஆற்றின் அக்கரை வரை அறை தேடி அலைந்தாள். அவள் சம்பளத்துக்கு அங்கே ஒரு கதவுகூட வராது என்று சிரித்தார்கள்.

ஜூன் மாதம் பிறந்தது. அந்தோணியார் திருவிழா, தெருவெங்கும் மத்தி மீன் சுடுகிற புகை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அவர் சுணங்கினால் சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும், கேட்டது கிடைத்ததும் நிமிர்த்துவதும் அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். ஃபெலிஸ்மினா தன் பையிலிருந்த களிமண் அந்தோணியாரை ஒரு குவளைக்குள் தலைகீழாகச் செருகினாள்.

"தொலைஞ்சது மோதிரம் இல்ல சாமி, வீடு. ரெண்டு ரூம், ஒரு ஜன்னல். கண்டுபிடிச்சுக் குடுக்கற வரைக்கும் இப்படியே கெட."

மறுநாள் வேலைக்குப் போய்க் கதவைத் திறந்து காலை வைத்தவள் மேல்நோக்கி விழுந்தாள். அடிபடவில்லை. எழுந்து பார்த்தால், எவரிஸ்டோ குப்பையில் போட்ட அவளுடைய கட்டிலும் அடுப்பும் புருஷனின் நாற்காலியும் உட்கூரையில் அதனதன் இடத்தில் இருந்தன. தொங்குவிளக்கு காலடியில் செடி மாதிரி முளைத்து நின்றது. அதில் துண்டைக் காயப் போட்டாள். தலைக்கு மேலே, அதாவது கீழே, ஒரு டென்மார்க் தம்பதி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முக்குக்கடை கஸ்டோடியோ வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, சாமிய நிமித்தி வெக்காம விட்டுட்டியே! அவரு தலைகீழா நின்னு பாத்தாரு, தலைகீழாவே எடுத்துக் குடுத்துட்டாரு. இப்ப நிமித்து, எல்லாம் சரியாயிரும்."

"சரியாயிரும்டா. நான் தரையில வந்து விழுவேன். தரை யாரோடது?"



எவரிஸ்டோ வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இளம் போலீஸ்காரன் ஒருவனையும் ஏணியையும் கூட்டிவந்தார். இந்த முறை இறக்கிவிட்டால் பெஞ்சுதான் கதி என்று அவளுக்குத் தெரியும். விளக்குத் தண்டை இறுகக் கட்டிக்கொண்டாள். போலீஸ்காரன் கடைசிப் படியில் ஏறிக் கையை நீட்டினான். அவன் தொப்பி கழன்று மேலே விழுந்தது. அடுப்பில் முட்டைக்கோஸ் சூப்பு ஒரு சொட்டும் சிந்தாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் நான்கு பேரோடு ஓர் அறையில், முறை வைத்துத் தூங்குகிறவன். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, பக்கத்து வீட்டுக் கூரை காலியாத்தான இருக்கு?"

"காலிதான் தம்பி. சீக்கிரம் வந்துரு."

"என்னய்யா அங்க குசுகுசுன்னு? இழுத்துப் போடு அவள!" என்று கீழேயிருந்து எவரிஸ்டோ கத்தினார்.

"எட்டல சார்."

அடுத்த திருவிழாவுக்குள் கடைகளில் அந்தோணியார் சிலை தீர்ந்துவிட்டது. துரத்தப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து விழுந்தன. நகராட்சி, சலித்துப்போய், கதவுகளில் தலைகீழாக இன்னொரு எண் அடித்தது. தபால்காரர் கடிதங்களை மேலே வீசப் பழகினார். மீன் வாடை மேலிருந்து வருகிறது என்று விருந்தாளிகள் புகார் எழுதினார்கள். எவரிஸ்டோ அதற்குப் பதில் எழுதுவதை மூன்றாம் வருடமே நிறுத்திவிட்டார்.

போன வாரம், கட்டிலில் மல்லாந்து கிடந்த ஒரு தாடிக்காரர், மேலே மத்தி பொரித்துக்கொண்டிருந்த ஃபெலிஸ்மினாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க இங்க வந்து எத்தன நாள் ஆச்சு?"

"அறுவத்தெட்டு வருசம். நீ?"

"மூணு நாள். நாளைக்குக் காலி பண்ணணும்."

"அய்யோ பாவம்" என்று மனமார இரங்கி, ஒரு மீனை அவரிடம் நீட்டினாள்.