கம்பியண்ணனின் ஸ்பீக்கர்

மேடையில் ஓடும் ஒயர்களின்மேல் டேப் ஒட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, அவள் புருஷன் ஒரு கறுப்பு ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாமானை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் எந்தப் பெண்டாட்டிக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் இவள் பயந்தது அதனால் அல்ல. அந்த ஸ்பீக்கர் மேடையில் நின்று பேசத் தொடங்கினால் இத்தனை காலம் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் ஊர் அறிந்துபோகும். ஊர் அறிந்தால்கூடப் பரவாயில்லை, அவரே அறிந்துவிடுவார்.

அவர் கிட்டார் வாசிக்கும் கச்சேரிக் குழுவில் அவருக்குக் கம்பியண்ணன் என்று பெயர். கிட்டார் கம்பி மாதிரி ஒல்லியாக இருப்பார், அதே மாதிரி கொஞ்சம் முறுக்கு. அவள் எல்லாருக்கும் அண்ணி. கல்யாணம், கம்பெனி ஆண்டுவிழா என்று எங்கே கச்சேரி நடந்தாலும் அவர் மேடையில், அவள் அரங்கத்தின் கடைசியில், எல்லாருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பின்னால். இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். "எங்க குடும்பம் நடக்கிறதே அந்தத் தூரத்துலதான்" என்று அவர் கேலி பண்ணுவார்.

முன்பெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் குட்டி பீரோ மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர் நிற்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதில் ஒரு ஆள் எப்போதும் தூக்குகிற நேரம் பார்த்துக் காணாமல் போய்விடுவான். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு தடவை படுக்கையில் விழுந்த பிறகு அதை வீட்டு மூலையில் போட்டுவிட்டு மாடலர் ஒன்று வாங்கினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டி, காலால் மிதிக்க நாலைந்து பொத்தான். எந்த ஆம்ப்பின் குரலைக் கேட்டாலும் அப்படியே மிமிக்ரி பண்ணிக் காட்டும். கிட்டாரை அதில் சொருகினால் சத்தம் ஒரு ஒயர் வழியே நேராக அவள் மிக்ஸருக்கு வந்துவிடும். மேடையில் அவரிடமிருந்து சத்தமே கிளம்பாது. அவள் அனுப்பினால்தான் அரங்கத்துக்கும் போகும், அவர் காலடியிலிருந்து அவரைப் பார்த்துப் பாடும் மானிட்டருக்கும் போகும். இத்தனை நாளும் அவருடைய மானத்தைக் காப்பாற்றியது அந்த ஒற்றை ஒயர்தான்.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மொத்தமாக இல்லை, கீச்சென்ற மேல் சத்தங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் அதைக் கண்டது வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில். கதவு சரியாக மூடாமல் அது கீக்கீ என்று கத்திக்கொண்டிருக்க, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து மனுஷன் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கவனித்தால் எல்லாம் தெரிந்தது. சாவி கீழே விழுந்தால் திரும்புவதில்லை. ஜன்னலில் குருவி வந்தால் பார்த்தால்தான் உண்டு. காது டாக்டரிடம் போவோமா என்று ஒரே ஒரு தடவை பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். சிரித்தார். "கிட்டார்காரன் காதுடி இது. இது போற அன்னிக்கு நான் கிட்டாரை வித்துட்டு வீட்டுல உக்காந்துடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. அவருடைய அப்பா காது மந்தமாகி, சொந்தப் பிள்ளைகளே அவரைச் செவிடர் என்று ஜாடை காட்டிச் சிரித்த வீடு அது. கூடச் சேர்ந்து இவரும் சிரித்தவர்தான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவருக்குக் கேட்காத கூர்மையை அவர் பெட்டியில் ஏற்றிக்கொண்டே போனார். ட்ரெபிள் என்கிற மேல் சத்தத்தை ஒரு பிடி கூட்டுவார், அவள் மிக்ஸரில் ஒரு பிடி குறைப்பாள். அரங்கத்துக்குப் போவதில் மட்டும் குறைத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருக்கிறவர்களால் தாங்க முடியவில்லை என்று, கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தும் மாஸ்டர், காரணம் எதுவும் கேட்காமல் தயங்கித் தயங்கி வந்து சொன்னதும் மானிட்டரிலும் குறைத்தாள். குறைத்தால் அவருக்கு இன்னும் மங்கலாகக் கேட்கும், வீட்டுக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னும் ஏற்றுவார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதை. அவர் ஜெயிக்கிறோம் என்று தெரியாமல் ஏற்றினார், அவள் தோற்கிறோம் என்று தெரிந்தே இறக்கினாள். கடைசியில் அவருடைய கிட்டார் சத்தம் மிக்ஸருக்கு வந்து சேர்கிறபோது தகரத்தில் ஆணியால் கோடு போடுகிற மாதிரி இருந்தது. கூட்டத்துக்கு அது வெண்ணெயாகத்தான் போய்ச் சேரும். "கம்பியண்ணன் கை இன்னும் அப்படியே இருக்குப்பா" என்று யாராவது சொல்லும்போது, அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டு குனிந்துகொள்வாள். கை அப்படியேதான் இருந்தது, அதில் பொய் இல்லை.

இப்போது இந்த ஸ்பீக்கர். உள்ளேயே பவர் உள்ளது. பெட்டியிலிருந்து தனியாக ஒரு ஒயர் அதற்குப் போகும், மிக்ஸர் பக்கமே எட்டிப் பார்க்காது. அதைத் தான் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலிமேல் ஏற்றி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவள் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு காரணமாகச் சொன்னாள். ஹால் சின்னது என்றாள், பாடுகிற பெண்ணின் மைக்கில் போய் விழும் என்றாள், மாஸ்டருக்குப் பிடிக்காது என்றாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவளிடம் காரணம் தீர்ந்ததும் அவர் நாற்காலியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெட்டி வந்ததுலேருந்து நான் வாசிக்கிறது எனக்கே வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு. சத்தம் முதுகுல வந்து அடிக்கணும்டி. அப்பதான் நான் வாசிக்கிறேன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

அவர் சட்டை மாற்றப் போன நேரத்தில் பெட்டியின்முன் உட்கார்ந்தாள். அதன் சின்னத் திரையில் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயருக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் இருந்தது, எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் வைத்தாலும் அதன் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து மேல் சத்தத்தையெல்லாம் வழித்துக் கீழே இறக்கினாள். திரையில் கோடு மலைச்சரிவு மாதிரி சாய்ந்தது. சொந்தப் புருஷனின் சட்டைப்பையில் கை விடுகிற மாதிரி கூசியது. யாரும் எட்டிப் பார்க்காத பக்கம், பார்க்கமாட்டார் என்று தேற்றிக்கொண்டாள். அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கதைப்புத்தகம் மாதிரி மூன்று தடவை படித்தவர் அவர் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

வந்து வாசித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதே என்றார். அவள் கடைசி வரிசையிலிருந்து மைக்கில் சொன்னாள்.

"காலி ஹால்ல அப்படித்தாங்க இருக்கும். ஆளுங்க வந்து உக்காந்தா சரியாயிடும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலி ஹாலில்தான் சத்தம் கணீரென்று நிற்கும். ஆள் நிறைந்தால் உடம்பும் துணியும் அதைக் குடித்து மந்தமாக்கும். இந்தத் தொழிலில் முதல் நாள் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம், அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டாள். மேடையிலிருந்து அவர் அவளையே பார்த்தார். ஏன் என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதுகொண்டு சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் கூட்டம் வந்து நிறைந்தது. ஏதோ கம்பெனியின் ஆண்டுவிழா. ஆட்கள் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள், முன்வரிசையில் பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு. முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. அவர் கிட்டார் மந்தமாகத்தான் இருந்தது, ஆனால் யாருக்கும் உறுத்தவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்து அதிகாரிகளை ஒவ்வொருவராகப் புகழத் தொடங்கினார், அவர் தொடங்கினால் லேசில் முடிக்கமாட்டார். அந்த இடைவெளியில் கம்பியண்ணன் பெட்டிமுன் குனிந்தார். ஏதோ தேடினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம். பிறகு விரல் நின்றது.

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து திரை தெரியாது, ஆனாலும் அவர் எதைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியைத் தொடுகிற கை இரண்டே ஜோடி. நிமிர்ந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது கோபம் இல்லை. சின்னப் பையன் ஒருவன் அம்மாவைப் பார்த்து ஏன் என்று கேட்கிற பார்வை அது. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் குனிந்து கோட்டை நேராக்கினார்.

அடுத்த பாட்டு கிட்டாரில் தொடங்குவது. முதல் கம்பியைத் தட்டியதும் அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து நேராகப் பாய்ந்தது. பல்லைக் கூசவைக்கிற சத்தம். அவள் மிக்ஸரில் அவருடைய சத்தத்தை மொத்தமாக இறக்கினாள், ஒரு பிரயோஜனமும் இல்லை, அது அவள் கைக்கு எட்டாத ஒயரில் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரிய மனுஷர் கையிலிருந்த தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பாடுகிற பெண் சிரித்த முகம் மாறாமலே இரண்டடி தள்ளிப் போனாள். கம்பியண்ணன் அதையெல்லாம் பார்த்தார். வாசித்துக்கொண்டே மெல்லத் திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். டிரம்ஸ்காரரின் இடது காதில் பஞ்சு. கம்பியண்ணன் பக்கத்துக் காதில் மட்டும். ஸ்பீக்கரைக் கண்டதுமே வைத்துக்கொண்டிருக்கிறார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் காதிலும் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மாஸ்டர் குற்றவாளி மாதிரி கீபோர்டைப் பார்த்துக் குனிந்தார்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஐயோ, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கத்தான் அவள் இத்தனை பாடுபட்டிருக்கிறாள். சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் இருந்தபோதே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

தொடக்க இசையை அவர் ஒரு ஸ்வரம் பிசகாமல் முடித்தார். பெண் பாடத் தொடங்கினாள். அந்த இடத்தில் அவருடைய சுண்டுவிரல் கிட்டாரின் அடியில் இருந்த, சத்தத்தைக் குறைக்கிற குமிழைத் தேடிப் போய், அதை மெல்லத் திருப்பியது. ஸ்பீக்கர் அடங்கியது.

அவர் நிறுத்தவில்லை. இடது கை கம்பிகள்மேல் ஏறி இறங்கியது, வலது கை தாளம் தப்பாமல் மீட்டியது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. முன்வரிசைக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பாடுகிற பெண் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தாள். பாட்டு நன்றாகப் போயிற்று.

மிக்ஸரில் இறக்கி வைத்திருந்த அவருடைய சத்தத்தை அவள் உச்சிவரை தள்ளினாள். அதற்கு மேலே வரிசையாக இருந்த, சத்தம் வந்தால் எரிகிற பச்சை விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. ஹெட்போனை மாட்டி, மற்ற எல்லாவற்றையும் விட்டு அவருடையதை மட்டும் திறந்து காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கிட்டார் வராத பெட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. தூரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, பாட்டு முடிகிறவரை அவள் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.