ஈரத் துண்டு விவகாரம்

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இது ஈரமில்ல. லேசான குளிர்ச்சி."

"அப்ப அந்தக் குளிர்ச்சியிலயே நீங்க படுங்க. நான் ஹாலுக்குப் போறேன்."

"ஹால்லதான் ஃபேன் ஓடாதே?"

"எப்படி ஓடும்? ஊரு ஃபேனையெல்லாம் ஓட வைக்கிற மகராசன், வீட்டு ஃபேனைத் தொட்டா கை தேஞ்சிடுமே!"

ஏழு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. ஃபேன் மெக்கானிக் இதை ஒரு வார்த்தை பிசகாமல் மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சிலர் பொழுது போகாவிட்டால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவார்கள். அவர் இந்தச் சண்டையைப் புரட்டுவார். அவரும் மனைவியும் போட்ட கடைசிச் சண்டை இதுதான்.

அந்தக் காலத்தில் அவள் சண்டையில் சாமானியப்பட்டவள் இல்லை. துண்டில் ஆரம்பிப்பாள். பற்பசையை நடுவில் அமுக்குவது, அவள் தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேர்ந்தது என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் சரியாகத் துண்டிலேயே வந்து இறங்குவாள். மாடியில் குடியிருந்த டெய்லர், தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். மறுநாள் படிக்கட்டில் மெக்கானிக்கைப் பிடித்து, "நேத்து அந்தப் பற்பசை பாயிண்டுக்கு நீங்க பதிலே சொல்லலையே தம்பி" என்று குறைபட்டுக்கொள்வார்.

அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. ஓடும் ஃபேன்களின் சத்தத்துக்குள் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். முகம் தெரியாத ஆட்கள், மூச்சுக்கு மூச்சு மிரட்டல். டாக்டர் அதற்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா என்று பெயர் சொன்னார். மூன்று வருஷம் ஆஸ்பத்திரியும் மாத்திரையும் தூக்கமுமாகப் போனது.

பிறகு 'நோட்டு மேடம்' வந்தார். ஒரு தொண்டு அமைப்பின் களப்பணியாளர். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருந்ததால் தெருவே அவரை அப்படித்தான் அழைத்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு, சொந்த வீட்டில், சொந்தத் தெருவில், தெரிந்த வேலையில் இருந்தபடியே மனுஷன் தேற வேண்டும் என்பது அவர்கள் திட்டம். மேடம் வாராவாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். பழைய கடை முதலாளியிடம் பேசி அரை நாள் வேலை வாங்கித் தந்தார். நடுங்கும் கையோடு மோட்டாருக்குக் கம்பி சுற்ற மறுபடி பழகுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போது கை நடுக்கம் நின்றுவிட்டது. குரல்கள் ஓய்ந்தும் மூன்று வருஷம் ஆகிறது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லையே.

மேடம் ஆரம்பத்தில் மனைவிக்கும் டெய்லருக்கும் கடை முதலாளிக்கும் அரை நாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு தாளும் தந்திருந்தார். குரலை உயர்த்தாதீர்கள், குத்திக்காட்டாதீர்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள், அவருக்குக் கேட்பதை இல்லையென்று வாதாடாதீர்கள், சின்ன விஷயத்தையும் பாராட்டுங்கள். ஐந்தே விதி. மூவரும் பொதுத் தேர்வுக்குப் படிப்பது போல மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

ஒருநாள் அவர் கம்பியை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்த்திசையில் சுற்றியது. கீழே நின்றவர்களுக்குக் காற்றே வரவில்லை. முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, கூரைக்கும் காத்து வேணும்ல" என்றார்.

கொளுத்தும் வெயிலில், "மழை வரும் போலிருக்கே" என்று டெய்லரை மெக்கானிக் சும்மா சீண்டிப் பார்த்தார். டெய்லர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு அப்படித் தோணுது. எனக்குப் புரியுது" என்றார்.

மனைவியோ இன்னும் மோசம். "பல்லு ரொம்ப அழகா தேய்ச்சிருக்கீங்க" என்றாள். அவருக்கு நாற்பத்துநாலு வயது. பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்பவளைப் போல ஒரே சீராகப் பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாகிவிட்டதுபோல அவருக்கு இருந்தது.

அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மூன்று வருஷமாக நாக்கு நுனி வரை கொண்டுவருவார். உடனே அவள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க, நான் கவனமா கேக்கறேன்" என்று எதிரில் உட்காருவாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் கரைந்துவிடும். "தண்ணி வேணும்" என்று சொல்லிச் சமாளிப்பார். இப்படியே மூன்று வருஷத்தில் ஒரு குளத்தைக் குடித்திருப்பார்.

வாயால் முடியாததைச் செயலால் செய்யலாம் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தார். துண்டை வாளியில் நன்றாக முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கட்டிலில் அவள் தலையணை மேலேயே விரித்தார்.

அவள் உள்ளே வந்தாள். பார்த்தாள். மூக்கு விடைத்தது. காது மடல் சிவந்தது. மெக்கானிக் திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்து நின்றார். வரப்போகிறது, இதோ வந்துவிட்டது!

"துண்டு ஈரமா இருக்கறது," அவள் எதையோ முழுசாக விழுங்கினாள். "எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் முழு வேகத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. சோர்ந்துபோய் நின்றவருக்கு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரலும் கேட்டது.

"துண்டாம் துண்டு! தலையணை என்ன கொடிக்கயிறா? ஹால் ஃபேன் ஏழு வருஷமாப் பொணமாத் தொங்குது, அதுக்கு ஒரு வழி பண்ணத் துப்பில்ல..."

மெக்கானிக் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். துண்டின் மேலேயே உட்கார்ந்தார். வேட்டி நனைந்ததுகூட உறைக்கவில்லை. அவள்தான் கத்துவதை ஏழு வருஷமாக விட்டுவிட்டாளே. அன்றைக்கு ஃபேன் சத்தம், இன்றைக்குக் குழாய்ச் சத்தம். குரல் வந்துவிட்டது.

மறுநாள் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்துப் பார்த்தார். அவள் ஒரு வாய் டீ குடித்தாள். "ருசி எனக்குப் புதுசா இருக்கு" என்றாள். குளியலறை, தாழ்ப்பாள், குழாய், குரல். தங்கை கல்யாணம் வரை போனது.

ஃபேனுக்குள் பேசிய பழைய ஆட்களுக்குத் தங்கை கல்யாணமெல்லாம் தெரியாது. இந்தக் குரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதைவிடக் கொடுமை, கேட்கக் கேட்க இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போல இனித்தது. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது. மேடத்திடம் சொன்னால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். கை மறுபடி நடுங்கும். வேலை போகும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அவள் முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் தெம்புதான் அவருக்கு இல்லை.

'சந்தேகமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம், உங்களுக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள்' என்று மேடம் அவருக்குச் சொல்லித் தந்திருந்தார். எனவே புதன்கிழமை, மனைவியின் செருப்பைத் தான் மாட்டிக்கொண்டு வாரை அறுத்துவிட்டு, அவள் குளியலறைக்குள் போனதும் மாடிக்கு ஓடி டெய்லரைக் கையோடு இழுத்து வந்தார். இருவரும் குளியலறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இவருக்கு மாடியில ஒரு கூட்டாளி வேற! சட்டை தைக்கக் குடுத்தா தலையணை உறை தைச்சுத் தர்ற ஆளு!"

டெய்லரின் முகம் சுருங்கியது.

"அண்ணே, கேக்குதா?"

டெய்லர் விதிகளை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "உங்களுக்குக் கேக்குது தம்பி. அது எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது."

"உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?"

"எனக்குப் புரியுது" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, டெய்லர் விடுவிடுவென்று படியேறிப் போனார். அவருக்கு எதற்குக் கோபம் என்று மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

வியாழக்கிழமை மேடம் வந்து ஹாலில் உட்கார்ந்ததும், சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவர் மெல்லச் சொன்னார். "மேடம், மறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. குரல் வந்துடுச்சு."

மேடம் நோட்டைப் பிரித்தார். "எப்பெல்லாம் வருது?"

"நான் தப்புப் பண்ணின ரெண்டாவது நிமிஷம்."

"தப்புன்னா?"

"இருங்க, காட்டறேன்."

துண்டு நனைக்கப்பட்டது, தலையணைக்குப் போனது. டீ டம்ளரோடு வந்த மனைவி, படுக்கையறை வாசலைத் தாண்டும்போது நின்றாள். மூக்கு விடைத்தது. "எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு. மேடம், டீ எடுத்துக்குங்க, இதோ வந்துடறேன்" என்று சீராகச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் கொட்டியது.

மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேடம் டீயும் நோட்டுமாகக் குளியலறைக் கதவருகே போய் நின்றார். ஒரு வாய் குடித்தார். ஏதோ எழுதினார். திரும்பி வந்து, "'லேசான குளிர்ச்சி'ன்னு சொன்னது நீங்களா?" என்று கேட்டார்.

அவர் கண்ணைத் திறந்தார். "உங்களுக்கும் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. கொஞ்சம் இருங்க, தங்கச்சி கல்யாணம் ஆரம்பிக்குது."

அந்த நேரம் பார்த்து, நான்கு நாளாக அநியாயத்துக்குக் கொட்டியதில் மொட்டைமாடித் தொட்டி காலியாகி, குழாய் இரண்டு தடவை இருமி நின்றது. உள்ளே குரல் மட்டும் நிற்கவில்லை.

"தாலி கட்டி, சாப்பிட்டு, பந்தி எடுத்தப்புறம் வந்து 'ஆரம்பிச்சாச்சா'ன்னு கேட்டாரே, அந்த மனுஷன்தானே இவரு!"

வீடே அதிர்ந்தது.

மாடியிலிருந்து டெய்லர் கத்தினார். "மேடம்! எனக்கும் கேட்டுது! நேத்தே கேட்டுது! நான் தைச்சது சட்டைதான்!"

கதவு திறந்தது. மனைவி வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அதற்குள் தலையை விட்டுத்தான் பேசியிருக்கிறாள். நெற்றியில் வாளி விளிம்பின் தடம் பிறை போலப் பதிந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம். எங்கயாவது கொட்டலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும் போல இருந்துது." வாளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அன்னிக்கும் இதே துண்டுக்குத்தான் கத்தினேன். அந்த வாரமே இவருக்கு இப்படி ஆயிடுச்சு. நான் கத்தினதாலதான் வந்துது. இனிமே இந்த ஜென்மத்துக்கும் வாயத் திறக்கறதில்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

"சண்டையால இந்த நோய் வராதும்மா" என்றார் மேடம். "பொழுது பூரா ஒருத்தரைக் கரிச்சுக் கொட்டினா அவங்க தேற முடியாது. அதுக்குத்தான் அந்தத் தாளு. தலையணையில ஈரத் துண்டு போட்டா நானே கத்துவேன்."

மெக்கானிக்குக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. குரல் வெளியே இருந்து வந்திருக்கிறது. அதுவும் ஏழு வருஷமாக அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் அதே குரல். பாவி வாளி, நான்கு நாளாக அவர் பங்கையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் படுக்கையறைக்குப் போய்த் துண்டை எடுத்து வந்தார். அது வழியெல்லாம் சொட்டியது. அவள் எதிரில் வந்து நின்று வாயைத் திறந்தார், மூடினார்.

அவள் பழக்க தோஷத்தில் வாளியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க, நான் கவனமா கேக்கறேன்."

இந்தத் தடவை அவர் தண்ணீர் கேட்கவில்லை. எப்படியும் குழாயில் தண்ணீர் இல்லை.

"வாளிகிட்ட சொன்னதையெல்லாம் என்கிட்ட சொல்லும்மா" என்றார். "என் மூஞ்சியப் பாத்து, துண்டுலேருந்து ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம என்கூடச் சண்டை போடு."