நார்மல் ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கலக்காத ‘நார்மல்’ ரத்தம் வேண்டுமென்றால், வேலை செய்பவர்களே கையை நீட்ட வேண்டும். பெரும்பாலும் நீட்டியது நான்தான். மதலேனா ரத்தம் சுத்தம் என்று டாக்டர் யாக்கூப் எல்லோரிடமும் சொல்வார்.

1979இல் குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைச் சோதிக்கத் தொடங்கினோம். செல்லுக்குள் லைசோசோம் என்று குட்டிப் பைகள் உண்டு. அவற்றிலுள்ள நொதிகள் குப்பையைக் கரைக்க அமிலப் புளிப்பு வேண்டும். இந்த மருந்து உள்ளே புகுந்து புளிப்பைக் குறைத்துவிடும். நொதி மந்தமாகும், குப்பை தேங்கும், பை வீங்கும். மருந்து போடாத குழாயில் வீங்கக் கூடாது. ஆனால் அதிலும் வீங்கியிருந்தது.

சரியாகக் கழுவாத குழாயில் பழைய மருந்து ஒட்டியிருக்கும் என்று, குழாய் கழுவும் செல்லக்கண்ணு அண்ணன்மேல் பழி விழுந்தது. வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்தப்போவதாகப் பேச்சு. காரணம் யார் என்று எனக்குத் தெரியும். மூட்டு வலிக்கும் அதைக் கொடுப்பார்கள்; இரண்டு வருடமாக நான் விழுங்குவது அதே குளோரோகுயின். வலி பொறுக்காத நாளில் இரண்டாகப் போடுவேன். விரல் வீங்குகிறவளை லேபில் வைத்துக்கொள்வார்களா என்ற பயத்தில் மூச்சு விடவில்லை. உடம்பில் ஓடும் கொஞ்சம் மருந்து என்ன செய்துவிடும் என்று கையையும் நீட்டிவிட்டேன், புத்திகெட்டவள்.

போதாததற்கு, மைக்ராஸ்கோப் லென்ஸை ஒழுங்காகத் துடைப்பதில்லை, நடுவில் மங்கலாகவே இருக்கிறது என்று மாதம் முழுக்க அந்த மனுஷனைப் பிடுங்கி எடுத்திருந்தேன். அவரும் மறுபடி துடைப்பார்.

சிங்கப்பூர் கிளமெண்டியில் இருந்த என் வீட்டில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணன் மேல தப்பில்ல டாக்டர். நான்தான் குளோரோகுயின் சாப்பிடுறேன். ரெண்டு வருஷமா.”

திட்டுவார், வேலை போகும் என்று நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கண் செக் பண்ணீங்களா?”

எதற்கு என்று கேட்டேன். இந்த மருந்து கண்ணின் பின்பக்கத்திலும் தேங்கும், சிலருக்கு நடுப்பார்வை முதலில் போகும் என்றார். பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த புது மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். குனிந்தேன். நடுவில் அதே மங்கல். ஸ்லைடை நகர்த்தினேன். மங்கல் நகரவில்லை. நிமிர்ந்தேன்.

வாசலில் செல்லக்கண்ணு அண்ணன், கையில் லென்ஸ் துடைக்கும் தாளோடு.

“பழைய மெஷின நல்லா தொடச்சிட்டேன் தங்கச்சி. வந்து பாரு லா.”

“லென்ஸ் எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு அண்ணே,” என்றேன்.